சாயங்காலம் மேசையில் என்ன மிஞ்சும்? மாணவர் மன்றத்துக்கு நிதி திரட்டும் நான்கு வழிகள்

மாணவர் தொண்டு மன்றத்தில் நிதி திரட்டும் பேச்சு எழுந்தாலே நான்கு யோசனைகள் வரிசையாக வந்துவிடும். தின்பண்டக் கடை போடலாம். மன்றத்தின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் விற்கலாம். நன்கொடை நடை நடத்தலாம். பழைய புத்தகங்களைச் சேகரித்து விற்கலாம். நான்கிலும் பணம் வரும். இந்தப் பருவத்துக்கு எங்கள் மன்றம் தேர்ந்தெடுத்தது நான்காவதை. ஆகவே கீழே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

‘எதில் வசூல் அதிகம்?’ என்று கேட்டுத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். கையிருப்பு குறைந்த மன்றம் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: நாள் முடியும்போது என்ன மிஞ்சும், மிஞ்சியதற்கு யாருடைய கைக்காசு போயிருக்கும்? இந்த ஒரு கேள்வியை வைத்தே நான்கையும் அளந்தோம்.

தின்பண்டக் கடை

ஒரே நாளில் முடிந்துவிடும், கூட்டம் தானாக வரும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் இடைவேளையின் நீளத்தில் இருக்கிறது. கேட்பது, எடுத்துக் கொடுப்பது, காசு வாங்குவது, சில்லறை தேடுவது எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 30 விநாடி ஆகிறது என்று வையுங்கள். 20 நிமிட இடைவேளையில் ஒரு வரிசையில் 40 பேருக்குத்தான் கொடுக்க முடியும். இரண்டு வரிசை போட்டால் 80. இருநூறு பேருக்குத் தயார் செய்திருந்தால், வாங்க ஆள் இருந்தும் 120 பேருக்கானது அப்படியே நிற்கும். அடுத்த இடைவேளை வரை வைத்திருக்கலாமா என்றால் அதற்கும் வரம்பு உண்டு. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், சூடாகப் பரிமாறுவதை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வைத்திருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடைதான் போடுவது என்று முடிவானால் காசு வாங்குவதையும் பரிமாறுவதையும் பிரித்துவிடுங்கள். முதல் நாளே சீட்டு விற்றுவிட வேண்டும். சீட்டை வாங்கிக்கொண்டு பொட்டலத்தை நீட்ட 10 விநாடி போதும். அதே 20 நிமிடத்தில் ஒரு வரிசையில் 120 பேர் நகர்வார்கள். எத்தனை பேருக்குத் தயார் செய்வது என்ற கணக்கும் முந்தின இரவே கைக்கு வந்துவிடும். அப்படியும் பொருள் வாங்க முன்பணம் வேண்டும். விற்காதது அன்றைக்கே நட்டக் கணக்கில் போய்விடும்.

டி-ஷர்ட்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். முன்பதிவும் முன்பணமும் வாங்காமல் ஒரு சட்டைகூட அச்சடிக்கக் கொடுக்க வேண்டாம். தோராயமாக அளவுகளைப் பிரித்து ஆர்டர் கொடுத்தால் நடு அளவுகள் பறந்துவிடும், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் பெட்டியில் தங்கிவிடும். ஸ்கிரீன் அச்சில், அதாவது வலைத்துணி கட்டிய சட்டகத்தின் வழியே மையைத் தேய்க்கும் முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டகம் தயாரிக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அந்தச் செலவு ஒவ்வொரு சட்டையின் தலையிலும் விழும். அதனால் ஒரே நிறத்தில் வடிவமையுங்கள். ஆண்டைப் போடாதீர்கள். ஆண்டு அச்சிட்ட சட்டையை மறு வருடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

நன்கொடை நடை

விற்கப் பொருளே இல்லாத வழி என்பதால் மிச்சமும் இல்லை என்று தோன்றும். உண்டு: வசூலாகாத வாக்குறுதிகள். நடப்பவர் சுற்றுக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் எழுதி வாங்குகிறார். 400 மீட்டர் ஓடுபாதையில் 25 சுற்று நடந்தால் 10 கிலோமீட்டர். எட்டுச் சுற்று நடப்பார் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டவரிடம் இருபத்தைந்து சுற்றுக்கான தொகையைக் கேட்கும்போது இரு பக்கமும் சங்கடம். ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்பது இரண்டு மாதம் இழுக்கும். தேர்வு வந்ததும் வசூலிக்க வேண்டியவரே மறந்துவிடுவார்.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. சுற்றுக் கணக்கை விட்டுவிட்டு மொத்தத் தொகையாகக் கேட்டு, நடைக்கு முன்பே வாங்கிவிடலாம். அல்லது படிவத்திலேயே ‘அதிகபட்சம் இவ்வளவு’ என்று ஒரு கட்டம் வைக்கலாம். முதலாவதே மேல். பாதைக்கு அனுமதி, குடிநீர், முதலுதவிப் பெட்டி, மழை வந்தால் மாற்று நாள் ஆகியவை எல்லோரும் அறிந்தவைதான். பலர் யோசிக்காதது ஒன்று உண்டு. நடையில் பணம் தருவது நடப்பவரின் குடும்பமும் நண்பர்களும். ஒவ்வோர் ஆண்டும் அதே வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறோம். மூன்றாம் முறை தட்டும்போது கதவு திறக்கும், தொகை சுருங்கியிருக்கும். நாங்கள் சொல்வது நாற்பது ஐம்பது பேர் நடக்கும் அளவுக்குத்தான். பல நூறு பேர் திரளும் நடையில் விளம்பர ஆதரவாளர்களின் பணம் உள்ளே வந்துவிடும். அதை இந்த அளவுகோலால் அளப்பது நியாயமாகாது.

பழைய புத்தக விற்பனை

முதல் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விற்காமல் போனாலும் யார் பணமும் முடங்காது. எங்கள் முடிவுக்கு இது ஒன்றே காரணம். இதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது உழைப்பு. அந்த உழைப்பு கொஞ்சமல்ல, முன்கூட்டியே எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

ஆயிரம் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 350 கிராம் என்றால் மொத்தம் 350 கிலோ. பெரிய அட்டைப்பெட்டி வேண்டாம். நிரம்பினால் தூக்க முடியாது, தூக்கினால் அடி பிளந்துகொள்ளும். பெட்டிக்கு 12 கிலோ, அதாவது 34, 35 புத்தகம் போதும். அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 30 பெட்டி. அடிப்பக்கத்தில் டேப்பைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். தரம் பார்த்து வகை பிரிக்க ஒரு புத்தகத்துக்கு அரை நிமிடம். ஆயிரத்துக்கு 500 நிமிடம். நான்கு பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.

அறிவிப்பு எழுதும்போதே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது இரட்டிப்பாகிவிடும். ‘புத்தகங்கள் தாருங்கள்’ என்று மட்டும் எழுதினால் வீட்டை ஒழிப்பவர்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்குவார்கள். வேண்டாதவற்றைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்: பழைய வார, மாத இதழ்கள், பல தொகுதிக் கலைக்களஞ்சியங்கள், எழுதி நிரப்பிய பயிற்சி நூல்கள், நனைந்தவை, நகலெடுத்துக் கட்டிய பாடநூல்கள். கலைக்களஞ்சிய வரிசை ஒன்று முழுதாக வந்தால் அரை மேசையைப் பிடித்துக்கொள்ளும், கேட்க ஆள் வராது.

தரம் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். கடிதம், புகைப்படம், ரசீது, சில வேளை பணமும் விழும். கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்து, பக்கங்களைக் கட்டைவிரலால் விசிறியபடி முகத்தருகே கொண்டுவாருங்கள். பழைய தாளின் மணம் வேறு, பூஞ்சணத்தின் புளித்த வாடை வேறு. வாடை அடித்தாலோ முதுகின் உள்மடிப்பில் சாம்பல் நிறத் தூள் தெரிந்தாலோ அதை அப்போதே தனியே எடுத்துவிடுங்கள். ஒன்றைப் பெட்டியில் விட்டால் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் பரவும். பிறகு முதல் பக்கத்தைப் பாருங்கள். நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது விற்பனைக்கு உரியதல்ல. அந்த நூலகத்திடம் சேர்ப்பதுதான் முறை. பாடநூல் பழையதா என்று அறியப் பின் அட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன், அதாவது நூலுக்கான பன்னாட்டு அடையாள எண், உதவும். 2007 ஜனவரியிலிருந்து அது 13 இலக்கம். பத்து இலக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அச்சு. கதை, கவிதைக்கு அதனால் குறைவில்லை. கணினி, வரி, சட்டப் பாடநூல் என்றால் மேசைக்கே வர வேண்டாம்.

மேசைக் கணக்கு இது: 180 சென்டிமீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம் கொண்ட மேசையில் முதுகு மேலே தெரியும்படி மூன்று வரிசை அடுக்கலாம். விரல் நுழைய இடம் விட்டால் வரிசைக்கு 75, மேசைக்கு 225. எடை 80 கிலோவை நெருங்கும். மடக்கு மேசை என்றால் தாங்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள், கனமானவற்றைக் கால்களுக்கு நேர்மேலே வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பதை யாரும் இழுக்கமாட்டார்கள். இழுத்தாலும் கோபுரம் சரியும்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் விலைச்சீட்டு ஒட்ட வேண்டாம். பிய்க்கும்போது அட்டையும் கூடவே வரும். மேசைக்கு ஒரு விலை என்று மூன்று விலை போதும். மிகக் குறைந்த விலை, எல்லோர் கையிலும் புழங்கும் ஒரு சிறிய நோட்டுக்குச் சமமாக இருக்கட்டும். மற்ற இரண்டும் அதன் மடங்குகள். சில்லறைத் தொல்லை தீரும், கணக்குப் பழகாத ஆள்கூடக் கல்லாவில் உட்காரலாம். கல்லாவில் காலையில் போட்ட சில்லறைத் தொகையைத் தனித்தாளில் எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் மாலையில் அதுவும் வருமானமாகக் கணக்கில் ஏறும். கைபேசியில் செலுத்துகிறார்கள் என்றால் பணம் மன்றத்தின் கணக்குக்கே போக வேண்டும், பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு அல்ல. வாங்குபவர் காட்டும் திரையை நம்பாமல், பணம் வந்த அறிவிப்பு மன்றத்தின் கைபேசியில் தெரிந்த பிறகு புத்தகத்தைக் கொடுங்கள்.

எப்போது நடத்துவது

இங்குதான் ஒரு முரண்பாடு வந்து நிற்கிறது. புத்தகங்கள் குவிவது பருவம் முடியும்போது. விடுதி அறையைக் காலி செய்பவர்கள் அள்ளித் தருவார்கள். பாடநூல் விற்பதோ அடுத்த பருவத்தின் முதல் இரண்டு வாரம். நடுவே விடுமுறை முழுவதும் பெட்டிகள் எங்கேயாவது இருந்தாக வேண்டும். ஈரத் தரையில் நேரே வைத்தால் அடிவரிசை போயிற்று. பலகை போட்டு அதன்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு பெட்டிக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். இடம் கிடைக்காத மன்றம் பாடநூலை ஏற்காமல் கதை, சிறுவர் நூல், அகராதி மட்டும் வாங்கலாம். அவை எந்த மாதமும் விலைபோகும். சிறுவர் நூல்கள்தான் முதலில் தீரும். காலையிலேயே எல்லாவற்றையும் பரப்பிவிடாமல் பாதியைக் கையில் வைத்திருங்கள்.

நாள் குறிக்க ஒரு பெயர் வேண்டும் என்றால் இரண்டு இருக்கின்றன. ஏப்ரல் 23, யுனெஸ்கோ 1995இல் அறிவித்த உலகப் புத்தக நாள். டிசம்பர் 5, ஐ.நா. பொதுச்சபை 1985இல் அறிவித்த பன்னாட்டுத் தன்னார்வலர் நாள். சுவரொட்டிக்கு நல்ல தலைப்பு. தேர்வு அட்டவணையோடு மோதினால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

மன்றக் கூட்டங்களையும் இதோடு இணைத்துக்கொள்ளலாம். பேச்சு மட்டும் நடக்கும் கூட்டத்துக்கு வரும் புதிய உறுப்பினர் இரண்டாம் முறை வருவது அரிது. வகை பிரிக்கும் நாளையே அடுத்த கூட்டமாக அறிவித்தால், வந்த ஐந்தாம் நிமிடமே அவர் கையில் வேலை இருக்கும். எந்தப் பயிற்சியும் தேவையில்லை. எதிரே இருப்பவரோடு பேச்சும் புத்தகத்திலிருந்தே தொடங்கிவிடும். தின்பண்டக் கடையில் இது நடக்காது. அங்கே அந்த இருபது நிமிடமும் ஓட்டம்தான். விற்பனைக்கு மூன்று வாரம் முன்பு சேகரிப்பைத் தொடங்குங்கள். ஒரு வாரம் முன்பு வகை பிரிக்கும் கூட்டம். முந்தின நாள் மாலை மேசை அடுக்கல். இந்த மூன்றுக்கும் ஆள் பட்டியல் தனித்தனியே வேண்டும். ஒரே நான்கு பேர் மூன்றிலும் நின்றால் விற்பனை நாளன்று சோர்ந்துபோவார்கள்.

மாலையில்

கடைசி இரண்டு மணி நேரம் பாதி விலை, கடைசி அரை மணி நேரம் ஒரு பை நிறைய ஒரே விலை. காலையிலேயே இதை அறிவித்தால் எல்லோரும் மாலைக்கென்று காத்திருப்பார்கள். நேரம் வந்ததும் பலகையில் எழுதினால் போதும்.

எவ்வளவு நன்றாக விற்றாலும் மிஞ்சத்தான் செய்யும். அதை அன்றே ஒழிக்காத மன்றம் அடுத்த ஆண்டு அதே புத்தகங்களை மறுபடி தூக்கிச் சுமக்கும். நன்றாக இருப்பவற்றில் ஐந்து பெட்டி மட்டும் அடுத்த விற்பனைக்கு. விடுதி வாசிப்பறையோ பள்ளியோ முன்பே கேட்டு ஒப்புக்கொண்டது என்றால் அவர்கள் சொன்ன வகை மட்டும் அங்கே. கேட்காமல் கொண்டுபோய் இறக்குவது உதவியாகாது, நம் சுமையை அவர்கள் தலைக்கு மாற்றுவதுதான். மீதி பழைய தாள் எடுப்பவருக்கு. அவரை விற்பனைக்கு முன்பே பேசி வைத்து, கெட்டி அட்டையைக் கிழித்துத்தான் தர வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் நூறு புத்தகத்துக்கு அட்டை கிழிக்க இரண்டு பேரை அன்று மாலைக்குத் தனியாக நிறுத்த வேண்டியிருக்கும். பூஞ்சணம் பிடித்தவை இவற்றில் எதிலும் கலக்காமல் நேரே குப்பைக்குப் போகட்டும்.