ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 (360): ஐ9-14900கே-க்குச் சரியான ஜோடியா?

லிக்விட் ஃப்ரீசர் 3 என்ற தண்ணீர்க் கூலரின் விலையை விசாரிக்கும் முன், மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்து ஓர் எண்ணைப் பாருங்கள். கோர் ஐ9-14900கே ப்ராசசருக்கு இன்டெல் வகுத்த உச்ச மின்வரம்பு 253 வாட். பல போர்டுகள் அதை 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல், விட்டு வைத்திருந்தன. அப்படியே ஓடவிட்டால் ரெண்டரிங்கின்போது 300 வாட்டைத் தாண்டும். அதை 100 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க எந்த 360 மி.மீ. கூலரும் (மூன்று 120 மி.மீ. ஃபேன் கொண்டது) திணறும். எனவே முதலில் 253-க்கு மாற்றுங்கள். 2024 ஆகஸ்டு முதல் வந்த மைக்ரோகோடு (ப்ராசசரின் உள் கட்டளைகள்) திருத்தம் உள்ள பயாஸையும் ஏற்றிவிடுங்கள். அளவுமீறிய வோல்டேஜால் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் பழுதாவதைத் தடுக்கும் வழி அதுதான். எவ்வளவு நல்ல கூலர் வாங்கினாலும் அந்தப் பழுதைத் தடுக்காது.

வரம்பை வைத்த பிறகு, 253 வாட் சூட்டை இரைச்சல் அதிகமில்லாமல் வெளியேற்ற, இந்த விலைக்கு லிக்விட் ஃப்ரீசர் 3 போல வேறொன்றைச் சொல்வது கடினம். காரணம், தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரின் தடிமன். மற்ற 360 கூலர்களில் பெரும்பாலும் 27 மி.மீ.; இதில் 38. பம்பின் மேல் திரையோ வண்ண அலங்காரமோ கிடையாது. அதற்குப் பதில் போர்டின் விஆர்எம் பகுதிக்கு (ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் இடம்) காற்றடிக்கும் சிறு ஃபேன் இருக்கிறது. தண்ணீர்க் கூலர் போட்டதும் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றோட்டமே இல்லாமல் போகும் குறையை அது ஈடுசெய்கிறது. திரைக்குக் கொடுக்கும் பணத்தைவிட இதற்குக் கொடுப்பது மேல்.

அந்தத் தடிமனே இதன் பெரிய தொல்லையும். ரேடியேட்டர் 38, ஃபேன் 25, ஆக 63 மி.மீ. கேபினெட்டின் மேல் தகட்டின் உட்பக்கத்திலிருந்து போர்டின் மேல் விளிம்புவரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 63-க்குக் குறைந்தால் விஆர்எம் ஹீட்சிங்கிலோ, 8 பின் பவர் வயரிலோ, உயரமான ரேமிலோ ஃபேன் இடிக்கும். '360 ரேடியேட்டர் பொருந்தும்' என்று கேபினெட் பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் நீளத்தைத்தான் குறிக்கும். ஃப்ராக்டல் நார்த், கோர்சேர் 4000டி போன்ற கேபினெட்டுகளில் மேலே 360 ஏறாது, முன்பக்கம்தான் வழி. முன்பக்கம் மாட்டினால் குழாய்கள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், உள்ளிருக்கும் காற்று அங்கே போய்த் தங்குவதற்காக. புதிதாக ஓட்டும்போது சில மணி நேரம் களகள சத்தம் வரலாம். அதற்குப் பிறகும் ஓயவில்லை என்றால் பம்புக்குள் காற்று சுற்றுகிறது என்று பொருள்.

பொருத்துவதில் கவனம் தேவைப்படும் இடம் சாக்கெட். இந்த ப்ராசசர் அமரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் பூட்டு நடுவில் அழுத்தி ப்ராசசரின் மூடியை லேசாக வளைத்துவிடுகிறது. நடுவில் பள்ளம் விழுந்தால் மூடிக்கும் கூலருக்கும் இடையில் பூசும் பேஸ்ட் தடித்து நிற்கும், சூடு கடத்தாது. ஆர்க்டிக் அந்தப் பூட்டுக்குப் பதிலாகத் தன் சட்டத்தையே பெட்டியில் தருகிறது. இந்தக் கூலருக்கு அது கட்டாயம். போர்டை மேசைமேல் சமமாக வையுங்கள், இல்லையெனில் திருகு கழன்றதும் பின்தகடு கீழே விழும். ப்ராசசரை சாக்கெட்டில் வைத்தபடியே டி20 டார்க்ஸ் (நட்சத்திர வடிவத் தலை) திருகுகள் நான்கையும் கழற்றி, பழைய பூட்டை நேராக மேலே தூக்குங்கள். சட்டத்தை வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக, ஒவ்வொன்றும் கால் சுற்றாக முறுக்கிக்கொண்டே வாருங்கள். கை தடைபட்டதும் நிறுத்திவிட வேண்டும். மிஞ்சி முறுக்கினால் ரேமில் ஒரு சேனல் காணாமல் போகும், அல்லது திரையே வராது. அப்படி ஆனால் ரேமைக் குறை சொல்வதற்கு முன் நான்கு திருகையும் சற்றே தளர்த்திப் பாருங்கள். முந்தைய எல்ஜிஏ1200 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூலர் பொருந்தாது.

வயர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. பெட்டியில் இரண்டு வகை வயர் வரும். ஒற்றை வயரில் பம்ப், விஆர்எம் ஃபேன், ரேடியேட்டர் ஃபேன்கள் எல்லாம் ஒரே கட்டளைக்கு ஆடும். ஃபேனை மெதுவாக்கினால் பம்பும் சோர்ந்துவிடும். மூன்றாகப் பிரியும் வயரையே எடுங்கள். பம்பை போர்டில் அதற்கான ஹெட்டரில் (வயர் செருகும் முனை) செருகி 70 முதல் 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் ஃபேனை சிபியு ஃபேன் ஹெட்டரில் செருகுங்கள். அது காலியாக இருந்தால் பல போர்டுகள் பிழை காட்டி நின்றுவிடும். தண்ணீரின் வெப்பம் காட்டும் சென்சார் இதில் இல்லை. அதனால் சிபியு சூட்டையே நம்பி ஃபேன் நொடிக்கொரு தரம் ஏறி இறங்காமலிருக்க, பயாஸில் சில நொடித் தாமதம் கொடுங்கள். இந்த ஃபேன்களுக்கு நிமிடத்துக்கு 1,000 சுற்றை ஒட்டி மெல்லிய முனகல் உண்டு. அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போகும்படி பயாஸில் ஃபேன் வேக வளைவை அமைத்தால் காதில் படாது.

அறை எவ்வளவு சூடோ அவ்வளவும் கூலரின் தலையில்தான் விழும். 25 டிகிரியில் எடுத்த சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, மே மாதத்தில் ஏசி இல்லாத சென்னை அறையில் அதையே எதிர்பார்க்காதீர்கள். அறை 10 டிகிரி ஏறினால் ப்ராசசரும் கிட்டத்தட்ட 10 ஏறும். அந்த மாதங்களில் வரம்பை 200 வாட்டுக்கு இறக்கினால் வேகத்தில் சில சதவீதம்தான் குறையும், சூடு நன்றாகவே தணியும்.

வெறும் கேமிங் என்றால், அதுவும் ஏஎம்டியின் 7800எக்ஸ்3டி போன்ற ப்ராசசர் என்றால், இரட்டைக் கோபுர ஏர் கூலரே தாராளம். 230 வாட் வரை போகும் ரைசன் 9 9950எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு லிக்விட் ஃப்ரீசர் 3 பொருந்தும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் ப்ராசசர்களில் சூடான சில்லுகள் நடுவைவிட்டுத் தள்ளி இருப்பதால் பம்பையும் அந்தப் பக்கமாக நகர்த்தி மாட்ட ஏற்பாடு உண்டு.

முந்தைய லிக்விட் ஃப்ரீசர் 2-ல் சிலவற்றின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) செம்போடு வினைபுரிந்து கசிவு அபாயம் வந்ததை 2022-ல் நிறுவனமே அறிவித்து, மாற்று உதிரிகளை இலவசமாக அனுப்பியது. இந்த மாடலுக்கு 6 ஆண்டு உத்தரவாதம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். என்றாவது சும்மா இருக்கும்போதே ப்ராசசர் 90-ஐத் தொட்டால் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றொன்று அறைச்சூட்டிலேயே இருந்தால் தண்ணீர் ஓடவில்லை. உடனே அணைத்துவிட்டு முதலில் பம்ப் வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். வயர் சரியாக இருந்தால் பில்லை எடுக்க வேண்டியதுதான்.