பரண்ல எலி வராம இருக்க: பல வருஷம் யூஸ் பண்ணதுல எது நின்னுச்சு, எது நிக்கல

பரண் எலித்தொல்லைக்குன்னு விக்கிற சாமான் அனேகமா எல்லாத்தையும் பயன்படுத்திப் பாத்தாச்சு, சிலது இன்னும் மேல இருக்கு, சிலத தூக்கி எறிஞ்சாச்சு. என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். ஓட்டைய அடைக்கறதுக்கு செலவு பண்ற நேரமும் காசும்தான் உருப்படியானது, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். ஒரு பென்சில் நுழையுதுன்னா அதுவும் நுழையும்னு வச்சுக்கோங்க, பெரிய எலிக்கு அதுல ரெண்டு மடங்கு இருந்தா போதும். நல்ல வெயில் நேரத்துல பரண்ல ஏறி லைட்ட அணைச்சுட்டு உக்காந்து பாத்தா எங்கெல்லாம் வெளிச்சம் உள்ள வருதோ அதெல்லாம் வழி, ஆனா பைப், ஒயர் போற இடமெல்லாம் வெளிச்சத்துல தெரியாது, அத கையால தடவித்தான் பாக்கணும். எலி அடிக்கடி போற வழியில அதோட உடம்பு எண்ணெயும் அழுக்கும் ஒட்டி கருப்பா ஒரு தடம் இருக்கும், அத பாத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

எதால அடைக்கறோம்ங்கறதுதான் இதுல முக்கியம். ஸ்ப்ரே ஃபோம் மட்டும் அடிச்சா பாக்க நீட்டா இருக்கும், எலி அத சாதாரணமா கடிச்சுட்டு உள்ள வந்துரும். சாதா இரும்பு நார வச்சு அடைச்சா கொஞ்ச நாளைக்கு ஓகே, ஈரம் படற இடமா இருந்தா துருப்பிடிச்சு பொடியா உதிந்துரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரோ செம்பு வலையோ திணிச்சு மேல சிமெண்ட் பூசின இடங்கள்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் கூட இல்ல. காத்து போற துவாரத்த மட்டும் மூடிடாதீங்க, பரண் புழுங்கி ஈரம் தங்கும், அப்புறம் பூச்சிக்கு கொண்டாட்டம். அதுக்கு 6 மில்லிமீட்டருக்கும் கம்மியான கட்டம் போட்ட கால்வனைஸ்டு வெல்டட் கம்பி வலை போடுங்க. கோழிக்கூட்டுக்கு போடற அறுகோண வலை வேண்டாம், கட்டம் பெருசு, சுண்டெலி தாராளமா புகுந்து வரும். வலைய பின் அடிச்சு விடாம வாஷர் வச்சு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க.

அடைக்கறதுக்கு முன்னாடி உள்ள யாரும் இல்லன்னு பாத்துக்கணும். ஓட்டையில பேப்பர லேசா கசக்கி திணிச்சு வச்சு ரெண்டு மூணு நாள் பாருங்க, நகராம இருந்தா அந்த வழி இப்போ ஓட்டத்துல இல்ல. வௌவாலா இருந்தா கைவைக்கவே கைவைக்காதீங்க, நிறைய நாடுகள்ல சட்டப் பாதுகாப்பு இருக்கு, அதுபோக குட்டி உள்ள மாட்டிக்கிட்டு சாகறது கொடுமை.

அல்ட்ராசோனிக் மெஷின், அதாவது சத்தத்துல எலிய ஓட்டறதா சொல்ற பிளக். நான் பாத்த வரைக்கும் பிரயோஜனம் இல்ல. அந்த சத்தம் சுவரையோ பெட்டியையோ தாண்டாது, எலிக்கும் சீக்கிரம் பழகிடும். அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001லயே 60க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்களுக்கு "நீங்க சொல்றதுக்கு அறிவியல் ஆதாரம் வேணும்"னு எச்சரிக்கை கடிதம் அனுப்பியிருக்கு, அப்படியும் விப்பனை நிக்கல. பாச்சா உருண்டையும் அதே கதைதான், வாசனை நமக்குத்தான் தலைவலி, ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணு சீக்கிரம் உடையற பரம்பரைக் கோளாறு) இருக்கற குழந்தைங்க இருக்கற வீட்ல அது நிஜமாவே ஆபத்து.

உள்ள இருக்கறத பிடிக்க அடிக்கற பொறிதான் எனக்கு சரிப்பட்டு வருது. எலி சுவரோரமாத்தான் ஓடும், அதனால தீனி வைக்கற முனை சுவர பாத்து இருக்கற மாதிரி குறுக்கா வைங்க. பெரிய எலிக்கு புதுசா எத பாத்தாலும் பயம், அதனால முதல்ல சில நாள் தீனி மட்டும் வச்சு பொறிய ஏத்தாம விடுங்க, அது பயம் தெளிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சப்புறம் ஏத்துங்க. தீனி துளியூண்டு போதும், நிறைய வச்சா ஓரத்துல நக்கிட்டு போயிரும். ஒட்டற அட்டைய நான் விட்டுட்டேன், அது மணிக்கணக்கா துடிக்கறத பாக்க முடியல, பல்லியும் சேந்து மாட்டுது.

எலி மருந்து பரண்ல வேண்டவே வேண்டாம். ரத்தம் உறையாம தடுக்கற மருந்து தின்ன எலி சாக பல நாள் ஆகும், அதுக்குள்ள கை எட்டாத மூலையில போய் செத்தா நாத்தம் வாரக்கணக்குல போகாது. செத்தத தின்ற ஆந்தை, பூனைக்கும் அந்த விஷம் போகுது.

பூச்சி விஷயத்துல ஒரே ஒரு மாத்தம்தான் பெருசா உதவுச்சு, அட்டைப்பெட்டிய எல்லாம் வெளிய போட்டுட்டு இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறினது. கரப்பான் அட்டை மடிப்புல முட்டைக்கூட்ட ஒட்டி வைக்கும், ராமபாணப் பூச்சி அட்டையோட பசையையே தின்னும், எலி அட்டைய கிழிச்சு கூடு கட்டும். டப்பாவ சுவர ஒட்டி வைக்காம கொஞ்சம் தள்ளி வச்சா பின்னாடி நடக்கறது கண்ணுக்கு தெரியும்.

புழுக்கைய காய்ஞ்ச விளக்குமாத்தால பெருக்காதீங்க, தூசியில கிருமி கிளம்பி மூச்சுல போகும். எலிகிட்டருந்து மனுஷனுக்கு வர்ற ஹான்டா வைரஸ் அப்படித்தான் பரவுது. மாஸ்க், கிளவுஸ் போட்டு, ப்ளீச் ஒரு பங்குக்கு தண்ணி ஒம்பது பங்கு கலந்து தெளிச்சு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு பேப்பரால வழிச்சு எடுங்க. ஒயர் கடிபட்டிருக்கான்னு அப்பவே டார்ச் அடிச்சு பாத்துருங்க, தோல் உரிஞ்ச ஒயர் தீப்பிடிக்கும்.

கூரைக்கு மேல சாயற கிளைய ரெண்டு மீட்டராவது தள்ளி வெட்டிவிடுங்க. பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ எப்ப துளை போட்டாலும் அவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே அந்த துளைய சுத்தி அடைக்கச் சொல்லிருங்க.