காலுக்குள் ஒளிந்த காதல்: ஒரு குறுக்கெழுத்துப் புதிர்

காதலைக் கருவாகக் கொண்ட இந்தச் சங்கேதக் குறுக்கெழுத்தை, மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் நுழையாத புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் அமர்ந்து, பென்சிலும் அழிப்பானுமாக இரண்டு மாலைகளில் முடித்தேன். இவ்வகைப் புதிரில் விடையின் பொருள் குறிப்பின் ஒரு முனையிலும், அதை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி மறுமுனையிலும் இருக்கும்.

'காலின் நடுவே தலைவியின் தலை, நேசம்தான் (3)' என்பதைப் படித்ததும் ஊடல் காட்சி என்றே எண்ணினேன் (வழக்கமாகத் தலைவன்தானே காலில் விழுவான்!). 'கால்' என்ற சொல்லுக்கு நடுவில் 'த'வைச் செருகினால் 'காதல்' என்று பிடிபட்டபோது, பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்துவிட்டேன். 'தோப்பின் தொடக்கம், ஆழியின் முடிவு: தூது செல்பவள் (2)' என்பதும் அதே நேர்த்தியுடன் 'தோழி'யைத் தருகிறது. மருதத்துக்குரிய ஊடலும் நெய்தலுக்குரிய இரங்கலும் குறுக்கும் நெடுக்குமாக ஓரெழுத்தில் சந்திப்பது, அகத்திணை அறிந்தவர்களுக்குத் தனி விருந்து.

ஆனால், 'வீட்டின் முன்பகுதி, குழம்பிய கரம், பிரிவுத்துயர் (4)' என்ற குறிப்பை ஏற்க இயலவில்லை. 'கரம்' கலைந்து 'ரகம்' ஆவது சரியே. ஆனால் வீட்டின் முதலெழுத்து நெடில், விடையான 'விரக'த்தின் முதலெழுத்தோ குறில். ஒரே எழுத்தென்று இவற்றைக் கொள்ளத் தமிழில் இடமில்லை. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் காகிதம் கிழியுமளவுக்கு அழித்தெழுதியிருக்கிறேன்.