ஊட்டுல ஒருத்தருக்கு ஒட்டுற சீக்கு வந்தா: தனி ரூமா, தோட்டத்துச் சாளையா, அம்மாயி ஊடா?

ஒட்டுற சீக்கு வந்துட்டா எங்க பக்கம் மூணு வழிதாங்க. சீக்கானவங்கள ஒரு ரூம்ல விட்டு கதவ சாத்துறது, இல்லீன்னா தோட்டத்துச் சாளைக்கு, அதான் தோட்டத்துல இருக்கற சின்ன ஊட்டுக்கு அனுப்புறது, அதுவுமில்லீன்னா நல்லா இருக்கற புள்ளைகள அம்மாயி ஊட்டுக்கு பஸ் ஏத்தி விடறது. மூணையும் நாங்க செஞ்சு பாத்துட்டோம், மூணாவது மட்டும் யாரும் செஞ்சுராதீங்க, அதுக்குத்தான் முக்கியமா இத எழுதறேன்.

மூணு வருசம் முன்ன பெரியவனுக்கு சின்னம்மை போட்டுருச்சு. சின்னவ நல்லா ஓடியாடிட்டு இருந்தா, சரி இவளாவது தப்பிக்கட்டும்னு அன்னிக்கே தாராபுரம் பக்கம் எங்கம்மா ஊட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வந்தோம். பதினாலாம் நாள் காத்தால அம்மா போன்ல, "கண்ணு, புள்ள முதுகுல சின்னதா கொப்பளமாட்ட இருக்குது"ங்கறாங்க. அங்க எந்தம்பி சம்சாரம் அஞ்சு மாசம்! மாசமா இருக்கறவங்களுக்கு அம்மை வந்தா தாய்க்கும் ஆபத்து புள்ளைக்கும் ஆபத்து, அவளுக்கு சின்ன வயசுல வந்துச்சான்னு அவங்கம்மாவுக்கே ஞாபகம் இல்ல, ரத்தம் டெஸ்ட் எடுத்து எதிர்ப்பு சக்தி இருக்குதுன்னு ரிசல்ட் வர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்கல.

விசயம் என்னன்னா, கொப்பளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னயே அம்மை ஒட்ட ஆரம்பிச்சுரும், ஒட்டுனவங்களுக்கு வெளிய தெரிய 10ல இருந்து 21 நாள் வரைக்கும் ஆகும். நாம அனுப்பி வெக்கறப்பவே புள்ளைக்கு ஒட்டியிருக்கும். புளூவும் அப்பிடித்தான், காச்சல் தெரியறதுக்கு ஒரு நாள் முன்னயே பரவும்.

சாளை நல்ல வழிதான், நாலு பக்கமும் காத்து, பொழங்க தனி எடம். ஆனா தனியா படுத்திருக்கறவங்கள யாரு பாக்கறது? 2021 மே மாசம் கொரோனா வந்து மாமனார் அங்கதான் இருந்தாரு, "எனக்கொண்ணுமில்ல சாமி"ன்னு போன்ல தெம்பாத்தான் பேசுனாரு, பொழுதோட ரசம் சோறு கொண்டுபோனப்ப விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டிப் பாத்தா ஆக்சிஜன் அளவு 91. அது 94க்கு கீழ போனாலே ஆஸ்பத்திரி போகணும். மூச்சு வாங்கல, பேச்சு தடுமாறல, ஆனா ஆக்சிஜன் எறங்கிருச்சு. அன்னிக்கே கொண்டுபோனதால பொழைச்சாரு. அறுபது தாண்டுனவங்களுக்கு, சக்கர இருக்கறவங்களுக்கு சாளை வேண்டாம்ங்கறது என்னோட முடிவு, நடுவயசு ஆளுன்னா தாராளமா போலாம், ராத்திரியும் ஒரு தடவ போன் பண்ணுங்க.

மிச்சம் ரூம்தான். ஆனா எல்லாருக்கும் ரூம் எங்கீங்க இருக்குது? நாங்க திருப்பூர்ல லைன் ஊட்டுல இருந்தப்ப ஆறு குடித்தனத்துக்கு ரெண்டு கக்கூஸ், ஊடே ஒத்த ரூம் ஒரு சமையக்கட்டு. 2020ல ஊட்டுக்காரருக்கு கொரோனா வந்தப்ப அவரு ஜன்னலோரம், நாங்க சமையக்கட்டுல, ஜன்னலும் கதவும் பகலெல்லாம் தொறந்தே கெடந்துச்சு. பக்கத்துல போனா ரெண்டு பேரும் மாஸ்க், தட்டு டம்ளர் தனி, அவர பாத்துக்க நான் ஒருத்தி மட்டும். எல்லாரும் போனப்பறம் கடைசியாத்தான் அவரு கக்கூஸ் போவாரு, பின்னாலயே நான் பிளீச்சிங் பவுடர் போட்டு கழுவி கதவ தொறந்து விட்டுட்டு வருவேன். புள்ளைகளுக்கு ஒட்டல, எங்க மாமியாளுக்கும் ஒட்டல.

அடுத்தது நாள் கணக்கு, இதுலதான் ஊட்டுக்குள்ள சண்டையே வருது. இங்கிலாந்துல இருக்கற எங்க சித்தப்பா பையன் அங்கத்த கொரோனா ரூல சொன்னான், 2020 மார்ச்சுல அறிகுறி வந்தவங்களுக்கு 7 நாள், கூட இருக்கறவங்க எல்லாருக்கும் 14 நாள், நடுவுல இன்னொருத்தருக்கு வந்தா அவங்களுக்கு மட்டும் அன்னியில இருந்து புதுசா 7 நாள், மத்தவங்க முதல்ல இருந்து எண்ண வேண்டியதில்ல. ஆளாளுக்கு தனி கணக்குங்கறது எனக்கு சரியாப்பட்டுச்சு, இல்லீன்னா ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு வந்து மாசக்கணக்குல வேலைக்கு போக முடியாம கெடக்கணும். ஆனா அம்மைக்கு இந்த கணக்கு செல்லாது, முன்ன வராதவங்க, ஊசி போடாதவங்க 21 நாளும் கவனமா இருக்கணும். அம்மை வந்தவங்களுக்கு எல்லா கொப்பளமும் காஞ்சு பொறுக்கு கட்டுற வரைக்கும். தட்டம்மைன்னா தடிப்பு வந்ததுல இருந்து 4 நாள், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் ஆரம்பிச்சு 5 நாள்.

அம்மை எறங்கி தண்ணி ஊத்துற வரைக்கும் ஒறம்பரை வரக்கூடாதுன்னு மாமியா சொல்றதும் கிட்டத்தட்ட அதேதான். வாசல்ல வேப்பிலை சொருகுனா எங்கூர்ல யாரும் உள்ள வரமாட்டாங்க, மோரும் எளநியும் திண்ணையில வெச்சுட்டு கொரல் குடுத்துட்டு போவாங்க. கொரோனாவுக்கு கதவுல ஸ்டிக்கர் ஒட்டுனப்ப அதே சனம் தண்ணி புடிக்கற கொழாய்க்கிட்ட கூட எங்கள விடல. ரெண்டுமே உள்ள வராதீங்கன்னுதான் சொல்லுச்சு. அப்ப எதுத்தூட்டு அக்கா ஒருத்தங்க மட்டும், ரெண்டு கொடம் ரொப்பி வாசப்படியில வெச்சுட்டு தள்ளி நின்னு, "எடுத்துக்க அம்மிணி"ன்னு சொல்லுவாங்க, பதினாலு நாளும்.