ஒரே வீடு, இரண்டு கோப்புகள்: பராமரிப்பு ஒருங்கிணைப்புச் சேவையுடன் எங்கள் நீண்ட கால அனுபவம்

எங்கள் வீட்டில் சேவை தேவைப்படுகிறவர்கள் இருவர். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காது மந்தம், இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். தம்பிக்கு விபத்தில் தண்டுவடம் அடிபட்டு நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். வீட்டுக்கு வரும் செவிலியர், பிசியோதெரபி, காலையில் உதவிக்கு வரும் பணியாளர், மருத்துவமனைக்குப் போய்வர வாகனம், உபகரணங்கள் என எங்களுக்கு வேண்டியவை எல்லாம் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்தன. இவற்றைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஒரு சமூக சேவை அமைப்பு எங்களுக்கு ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரை ஒதுக்கியது. சில ஆண்டுகளாக அந்த ஏற்பாட்டில் இருக்கிறோம். இப்படி ஒன்றில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக நிறைகுறைகளை எழுதுகிறேன்.

சேரலாம் என்பதுதான் என் முடிவு. ஆனால் சேரும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: பரிந்துரை அனுப்பிய பிறகு, அந்தச் சேவை வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று யார் பார்ப்பார்கள்? எந்தெந்தச் சேவைகள் உள்ளன என்ற பட்டியலை யாரும் தந்துவிடுவார்கள். அந்தப் பட்டியலால் எங்களுக்கு நடந்தது மிகக் குறைவு.

ஒருங்கிணைப்பாளர் வருவதற்கு முன்பு அம்மாவுக்குப் பிசியோதெரபி வேண்டி ஓரிடத்துக்குப் பரிந்துரை போயிருந்தது. நாங்களும் காத்திருந்தோம். வாரங்கள் கடந்த பிறகு விசாரித்தால் கோப்பையே மூடிவிட்டார்கள். காரணம், “பலமுறை அழைத்தும் பதில் இல்லை”. அழைத்தது அம்மாவின் எண்ணுக்கு. அம்மாவுக்குத் தொலைபேசியில் பேச்சு பிடிபடாது, முன்பின் தெரியாத குரல் என்றால் இரண்டு முறை “யாரு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். காது கேளாதவர் என்று பரிந்துரைக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. அதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அழைத்திருக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் வந்ததும் செய்த முதல் வேலை, அம்மாவைப் பற்றிய எல்லாப் படிவங்களின் தலைப்பிலும் “அழைக்க வேண்டாம், குறுஞ்செய்தி அனுப்பவும், பதில் வராவிட்டால் எனக்குத் தெரிவிக்கவும், எனக்குச் சொல்லாமல் கோப்பை மூட வேண்டாம்” என்று எழுதியது. அதன் பிறகு அம்மாவின் கோப்பு எங்கேயும் காணாமல் போகவில்லை.

அடுத்தது மதிப்பீடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யாருக்கு எவ்வளவு உதவி என்பது அன்றைய ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களின் சாயலில்தான் கேள்விகள் இருக்கும். ஒன்று 1963-இல் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது: குளியல், உடை, கழிப்பறை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல் என்று ஆறு செயல்கள். மற்றது 1969-இல் லாட்டனும் பிராடியும் தந்தது: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம் என்று எட்டு. கேள்விகளில் குறையில்லை, கேட்கும் விதத்தில்தான் கோளாறு. மதிப்பீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் அம்மா காலையிலேயே தலைவாரி, நல்ல சேலை கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். எதைக் கேட்டாலும் “நானே செய்துகொள்வேன்” என்பதுதான் பதில். அந்த வயதில் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் மானம் எனக்குப் புரிகிறது. ஆனால் படிவத்தில் அது “உதவி தேவையில்லை” என்று பதிவாகிவிடும்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் கேள்வியை மாற்றினார். “குளிக்க முடியுமா அம்மா?” என்று கேட்கவில்லை. “குளியலறை எங்கே இருக்கிறது, வந்து காட்டுங்களேன்” என்றார். அம்மா எழுந்தபோது நாற்காலிக் கையை இறுகப் பிடித்ததையும், வழியில் சுவரைத் தொட்டுக்கொண்டே போனதையும், குளியலறைப் படியில் நின்று எந்தக் காலை முதலில் வைப்பது என்று தயங்கியதையும் அவர் பார்த்தார். பிடிமானக் கம்பியும் குளியல் நாற்காலியும் கிடைத்தது அந்தச் சில நிமிட நடையால்தான்.

தம்பியின் கதை இதற்கு நேர்மாறு. அவன் தானாகவே உடை மாற்றிக்கொள்வான். படிவத்தில் “முடியும்” என்று ஒரு குறி போட்டால் முடிந்தது. ஆனால் அதற்கு அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அது முடிந்ததும் வேலையில் உட்காரத் தெம்பு இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட வகைப்பாடு ஒருவரால் எதைச் செய்ய முடியும் என்பதையும், அவருடைய உண்மையான சூழலில் அவர் எதைச் செய்கிறார் என்பதையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. ஒருங்கிணைப்பாளர் அந்த வேறுபாட்டைக் குறிப்பில் எழுதி வாதாடினார். இப்போது காலையில் ஒரு பணியாளர் வந்து உடை மாற்ற உதவுகிறார். மிச்சமாகும் தெம்பை எதற்குச் செலவழிப்பது என்பது தம்பியின் முடிவு. உதவியின் அளவை இப்படித்தான் தீர்மானிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தச் சேவையில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் ஒரே ஒரு தாள். தம்பியைப் போல நெஞ்சுப் பகுதியின் ஆறாவது தண்டுவடக் கண்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்களுக்கு ‘ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா’ என்ற ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டாலோ, சிறுநீரை வெளியேற்றப் பொருத்தியிருக்கும் குழாய் மடங்கி அடைத்துக்கொண்டாலோ இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். கடுமையான தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்ப்பது இவைதான் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரைக்கும் போகலாம். தலைவலி என்றால் படுக்க வைப்பதுதான் யாருக்கும் தோன்றும். இங்கே அது கூடாது. நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இறுக்கமான உடைகளைத் தளர்த்த வேண்டும், உடனே குழாயைப் பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் அவசர உதவியை அழைக்க வேண்டும். எங்களுக்கு இது தெரியும். மாற்றாள் வரும் நாளில் புதிதாக வரும் பணியாளருக்குத் தெரியாது, வாகன ஓட்டுநருக்கும் தெரியாது. ஒருங்கிணைப்பாளர் மருத்துவரிடமே எழுதி வாங்கி, தம்பியின் ஒப்புதலோடு அந்தத் தாளை எல்லாச் சேவைகளின் கோப்பிலும் முதல் பக்கமாக வைக்கச் செய்தார். நாற்காலியின் பின்பையில் ஒரு நகல் இருக்கிறது. ஒரு நாள் வாகனத்தில் அவனுக்கு அப்படி ஆனபோது ஓட்டுநர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் குழாய் மடங்கியிருந்ததைச் சரிசெய்தார்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாட்களிலும் இந்தச் சேவை கைகொடுத்தது. அம்மா ஒரு கிருமித் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தபோது, வீடு திரும்பிய மறுநாளே செவிலியர் வரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார் ஒருங்கிணைப்பாளர். வந்த செவிலியர் பழைய மாத்திரைகள், புதிய மாத்திரைகள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பச் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கான ஒரே மருந்து இரண்டு நிறுவனப் பெயர்களில் இரண்டு அட்டைகளாக இருந்தது. வீட்டில் முதியவர் இருக்கும் எல்லாரும் மருத்துவமனையிலிருந்து திரும்பியவுடன் இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

வாகனச் சேவை சுமார்தான். “வாசல் வரை” என்று எழுதியிருந்தாலும் தெருக்கதவு வரைதான் என்பது வந்த பிறகே தெரிந்தது. நடுவில் இருக்கும் படிகள் யார் பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. மின் சக்கர நாற்காலி ஆளோடு சேர்த்தால் எடை 100 கிலோவை எளிதில் தாண்டிவிடும். வாகனத்தின் தூக்கி எவ்வளவு தாங்கும் என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சாய்தளம் போட்டுத் தந்தார்கள், நன்றாக இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கை ஒருங்கிணைப்பாளர் விட்டுக்கொடுக்கவில்லை.

இனி, எனக்கு இன்றும் ஆறாத குறை. அம்மா முதியோர் பிரிவில் இருக்கிறார், தம்பி மாற்றுத்திறனாளிகள் பிரிவில். இரண்டுக்கும் தனித்தனி விதிகள், தனித்தனி மதிப்பீடு, தனித்தனி காத்திருப்போர் பட்டியல். ஆனால் இரவில் தம்பியைப் புரட்டிப் படுக்க வைப்பது அம்மாதான். உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப் புண் வந்துவிடும். அம்மாவின் முழங்கால் மோசமானபோது முதியோர் பிரிவு அம்மாவின் நடையை அளந்தது. அந்த முழங்காலை நம்பி இன்னொருவர் படுத்திருக்கிறார் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. தம்பியின் படிவத்திலோ “இரவில் குடும்பத்தினர் உதவுகிறார்கள்” என்று பழைய வரியே நீடித்தது. நான் வேலை காரணமாக வேறு ஊரில் இருப்பவள். வார இறுதியில் வரும்போதுதான் அவன் இடுப்பில் சிவந்து கன்றியிருந்த தோலைப் பார்த்தேன்.

இப்படிப் பிரிந்து கிடக்கும் சேவைகளை ஒன்றிணைப்பதைப் பற்றி வால்டர் லூட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1999-இல் எழுதினார். தொடர்பு ஏற்படுத்துவது, ஒருங்கிணைப்பது, முழுமையாக ஒன்றாக்குவது என்று அவர் மூன்று நிலைகளைப் பிரிக்கிறார். எல்லாருக்கும் எல்லாச் சேவைகளையும் ஒன்றாக்கிவிட முடியாது என்பது அவர் வாதம். எங்களுக்குக் கிடைத்திருப்பது இரண்டாம் நிலை. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்திருக்கும் இருவரைத் தனித்தனிக் கோப்பாக மட்டும் பார்ப்பது தவறு. எங்கள் ஒருங்கிணைப்பாளர் இரண்டு பிரிவுகளையும் ஒரே மேசைக்கு அழைத்து உட்கார வைத்தார். அவர் முயற்சியில் நடந்ததே தவிர, அமைப்பின் விதியில் அப்படி ஒன்று இல்லை.

அந்தக் கூட்டத்தில் தம்பி பேசியது எனக்கு முக்கியமாகப் பட்டது. ஓர் அதிகாரி அவனைப் பற்றிய கேள்வியை என்னிடம் கேட்டார். தம்பி அவரிடம், “அக்காவுக்கு என் மேல் அக்கறை இருக்கிறது. ஆனாலும் என்னைப் பற்றி என்னிடமே கேளுங்கள்” என்றான். ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்வு செய்யும் உரிமை மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் உண்டு என்கிறது. நல்ல ஒருங்கிணைப்பாளரை அடையாளம் காண எளிய வழி இது: அறைக்குள் வந்ததும் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள்.

இன்னொரு பலவீனம், ஆள் மாறுவது. முதல் ஒருங்கிணைப்பாளர் பணி விலகியபோது அவருக்குத் தெரிந்ததில் பாதி அவரோடு போய்விட்டது. புதியவர் நல்லவர், ஆனால் அவர் பொறுப்பில் குடும்பங்கள் அதிகம், சில மாதங்கள் எல்லாமே தள்ளாடியது. அந்த இடைவெளியில் எங்களைக் காப்பாற்றியது நாங்களே வைத்திருந்த கோப்புறை. மருந்துப் பட்டியல், அந்த ஒற்றைத் தாள், ஒவ்வொரு பரிந்துரையும் போன தேதி, பேசியவரின் பெயர், அவர் சொன்ன பதில் எல்லாம் அதில் இருந்தன. அமைப்பிடம் கணினிப் பதிவு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஒரு பிரிவின் பதிவை இன்னொரு பிரிவு திறக்க முடியாதபடி இருந்ததை நாங்கள் கண்டோம்.

இப்போது இரவு நேர உதவிக்கான விண்ணப்பம் அம்மா, தம்பி இருவர் பெயரிலும் ஒன்றாகப் போயிருக்கிறது. பதில் வரும் வரை ஒவ்வோர் இரவும் ஒரு பணியாளர் வந்து புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போகத் தற்காலிக ஏற்பாடு நடக்கிறது. கன்றியிருந்த தோல் ஆறிவிட்டது. மறுமதிப்பீட்டுக்கு வருகிறவரைப் பகலில் வர வேண்டாம், தம்பி படுக்கும் நேரத்தில் வாருங்கள் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். ஒருங்கிணைப்பாளரும் அன்று உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.