நீள்முடி முயல்: சீவி வளர்ப்பதா, நறுக்கி வைப்பதா?

புதுச்சேரியில் அங்கோரா முயல் வளர்த்தால் முடியைக் குட்டையாக நறுக்கி வைப்பதுதான் சரி என்பது என் கட்சி. நீளமாக விட்டு, நாள்தோறும் சீவி, பஞ்சு மூட்டை மாதிரி அழகாக வைத்திருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் கணக்கில் சேர்த்தால் அந்த அழகுக்கு விலை கொடுப்பது முயல்தான்.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். 15 முதல் 20 டிகிரி வரை அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டினால் ஆபத்து. முடிக்காக அங்கோராவை வளர்ப்பது இமாச்சலத்தில் குலுப் பக்கம், உத்தராகண்ட் மலைகள் போன்ற குளிரான இடங்களில். நமக்கோ மே மாதம் அக்னி நட்சத்திரம், அது போனாலும் இரவு முழுக்கப் பிசுபிசுப்பு. மதியக் கடல்காற்று நமக்கு இதமாகத்தான் இருக்கும்; நான்கு விரல் தடிமன் முடிக்குள் அது போய்ச் சேராது.

சீவி வளர்ப்பதன் நியாயத்தையும் பார்ப்போம். பகல் முழுக்க ஏசி ஓடும் அறை, தினமும் அரை மணி நேரம் உட்காரப் பொறுமையுள்ள ஒரு ஆள், மடியில் அடங்கி இருக்கும் முயல். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக நீளமாக விடலாம். அதற்கு ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்தது), பல் அகன்ற உலோகச் சீப்பு இரண்டும் வேண்டும். நாம் தலை வாரும் பிளாஸ்டிக் சீப்பு மேலாக மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். அடியில் சிக்கு அப்படியே இருக்கும். ஸ்லிக்கர் வாங்கினால் அதன் கம்பியை உங்கள் முழங்கையின் உள்பக்கம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுரீரென்றால் அதற்கும் அப்படித்தான். முயல் தோல் அவ்வளவு மெல்லியது.

பல வளர்ப்பாளர்கள் புளோயர்தான் சிறந்தது என்பார்கள். சூடில்லாத காற்றை வேகமாக அடித்தால் முடி அடிவரை பிரிந்து, சிக்காகப் போகும் இழைகள் தனித்தனியாகி விடும். சிக்கு வராமல் தடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரைச்சலுக்குப் பயப்படும் முயலுக்கு இது ஒத்துவராது, பறக்கும் பஞ்சை இரண்டு அறை உள்ள வீட்டில் சமாளிக்கவும் முடியாது. அப்புறம் மின்சாரம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, பல பகுதிகளில் கரண்ட் இல்லாமல் கிடந்தது. முடி ஈரம் இழுத்துச் சிக்கு கட்டுவது அப்படிப்பட்ட நாளில்தான்.

சிக்கு எங்கே ஆரம்பிக்கும் தெரியுமா? காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், முன்னங்கால் அக்குளில், வாலைச் சுற்றி. கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கும் முயலுக்குத் தாடை எப்போதும் நனைந்தே இருக்கும், அங்கேதான் முதலில் முடி திரண்டு சிக்காகும். வால் பக்கம் மூத்திரமும் கழிச்சலும் ஒட்டிக்கொண்டால் ஈ முட்டை வைக்கும். முட்டை ஒரே நாளில் பொரிந்து புழு தோலைத் தின்னத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இது வெறும் பேச்சல்ல, முயல் செத்தே போகும். அதனால் நீளமாக விடுகிறவர்களும் பின்பக்கத்தையாவது நறுக்கியே ஆக வேண்டும்.

சரி, நறுக்குவது என்று முடிவானால் கத்தரிக்கோலா டிரிம்மரா?

டிரிம்மர் வேகமானது என்று நினைத்து வாங்குவார்கள். அங்கோரா முடி பட்டுப் போல நுண்ணியது. மனிதத் தாடிக்கான டிரிம்மர் பிளேடில் இரண்டு இழுப்பிலேயே சுற்றிக்கொண்டு நின்றுவிடும். நாய்களுக்கான நல்ல கிளிப்பர் ஓடும், ஆனால் சில நிமிடத்தில் பிளேடு சூடேறும். அடிக்கடி உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். தோல் மடியும் இடங்களில் தோலும் சேர்ந்து உள்ளே போய்விடும். முதுகும் விலாவும் சமதளம், அங்கே மட்டும் டிரிம்மர் சரி.

நான் கத்தரிக்கோல் பக்கம். முனை மழுங்கிய, லேசாக வளைந்த கத்தரிக்கோல்தான் வேண்டும். இதில் காயம் படுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: முடியைக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்குவோம், தோலும் கூடாரம் போல எழும்பி வரும், அந்தக் கூடாரத்தை வெட்டிவிடுவோம். முடியைத் தூக்காதீர்கள். தோலை ஒட்டிச் சீப்பைப் படுக்கவைத்து, சீப்புக்கு மேலே தெரிவதை மட்டும் வெட்டினால் சீப்பு தோலைக் காக்கும், நீளமும் ஒரே சீராக வரும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் விடுங்கள். ஒட்ட வழித்தால் கொசுக்கடி, வெயில்காந்தல். உள்ளங்காலில் மட்டும் கை வைக்காதீர்கள். நாய், பூனை போல முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, அந்த முடிதான் மெத்தை. அதை வெட்டினால் பாதம் புண்ணாகும்.

இறுகிய சிக்கைச் சுற்றி வெட்ட வேண்டாம். அதில் கொஞ்சம் சோளமாவு (கார்ன்ஃபிளவர்) தூவி, அடியை ஒரு கை விரலால் தோலோடு அழுத்திப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே சிக்கை இரண்டாக, நான்காகப் பிளந்து, விரலால் பிரித்தெடுங்கள். ஒரே மூச்சில் முழு முயலையும் முடிக்க நினைக்காதீர்கள். இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம். மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே என்று சந்தோஷப்படவும் வேண்டாம், அது பயத்தில் உறைந்து கிடக்கிறது.

எதிர்வீட்டு அம்மா ஒருவர், “ஏம்மா, மார்கழி வருதே, வெட்டிட்டா குளிராதா அதுக்கு?” என்று கேட்டார். நம் ஊர் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அது முயலுக்கு வருடத்திலேயே நல்ல காலம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் வளரும். மார்ச் கடைசியில் ஒரு வெட்டு, ஜூன் முடிவில் ஒன்று, மழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒன்று. அதன்பின் தை வரை கொஞ்சம் வளர விடலாம், அழகு பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு அது போதும்.

கையால் பறிப்பது என்று ஒரு முறையும் உண்டு. தானாக உதிர்க்கும் இனங்களில், உதிரும் பருவத்தில், விரலோடு வருவதை எடுக்கலாம். ஜெர்மன் அங்கோரா அப்படி உதிர்க்காது. அதில் பறித்தால் வலி மட்டும்தான். இங்கே எந்த ரத்தம் கலந்தது என்று தெரியாமல்தான் குட்டி வாங்குகிறோம், அதனால் இதை விட்டுவிடலாம்.

நாய் சலூனுக்குக் கொண்டுபோவதிலும் எனக்கு உடன்பாடில்லை. நாய் வாடையிலேயே முயல் நடுங்கிப் போகும். போதாததற்குக் குளிப்பாட்டி விடுவார்கள். முயலைக் குளிப்பாட்டவே கூடாது: பயத்தில் மூர்ச்சையாகும், அடிமுடி மணிக்கணக்கில் காயாது.

எந்த வழியில் போனாலும் புழுக்கையைத் தினமும் பாருங்கள். நக்கிச் சுத்தம் செய்யும்போது விழுங்கும் முடியை முயலால் வாந்தி எடுக்க முடியாது. புழுக்கைகள் முடியிழையில் கோத்தாற்போல வந்தால் காய்ந்த புல்லைக் கூட்டி, முடியைக் குறைக்க வேண்டும். புழுக்கை நின்று, தீனியும் எடுக்காவிட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தோலோடு தகடாக இறுகிய சிக்கு, பொடுகு உதிரும் முதுகு, காதுக்குள் பொருக்கு, இவையும் வீட்டு வேலையல்ல. குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டலாம். அதற்கு முன் உண்ணி என்று நினைத்து நாய்க்கான ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயை அடித்துவிடாதீர்கள், முயலுக்கு அது விஷம். மயக்க மருந்து கொடுத்து முடியை வெட்டுவதாக இருந்தாலும், நாய்க்குப் போலப் பட்டினி போட்டுக் கூட்டிப்போக வேண்டியதில்லை. அது வழக்கமாகத் தின்னும் புல்லை ஒரு பையில் எடுத்துப் போங்கள், தெளிந்ததும் முன்னால் வைக்க வேண்டும்.