சிபில் சரி செய்து தருகிறேன் என்று 18,500 ரூபாய் வாங்கியவன் என் பெயரில் கடனும் வாங்கிவிட்டான்

நேற்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு என் மாமியாருக்குப் போன். "உங்க மருமக கடன் வாங்கிட்டுக் கட்டாம ஏமாத்துறாங்க, போனை அவங்ககிட்ட குடுங்க" என்று ஒருத்தன். மாமியாருக்கு 71 வயது. மாத்திரை போட்டுப் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து, "எங்களுக்குத் தெரியாம எதுக்கும்மா வாங்கின" என்று கேட்கிறார். நான் வாங்கவில்லை அத்தை என்று அவரிடம் சொல்வது இது நாலாவது தடவை. ராத்திரி 7 மணிக்கு மேல் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது, அதை அவனிடம் சொன்னால், "சரி, அப்ப காலையில 8 மணிக்குப் பண்றேன்" என்று சிரிக்கிறான். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையை விட்டுப் போனது 18,500 ரூபாய். என் பெயரில் ஏறி நிற்கும் கடன் தனி.

2024 ஜூலையில் ஆரம்பித்தது. மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது, கல்விக் கடனுக்காக வங்கிக்குப் போனோம். கல்விக் கடனுக்கு அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அதனால் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் எங்கள் சிபில் பதிவையும் பார்ப்பார்கள். மேனேஜர் பார்த்துவிட்டு, "என்னம்மா மூணு கடன் கட்டாம இருக்கு, ஸ்கோர் 612-ல நிக்குது" என்றார். 300-லிருந்து 900 வரை போகும் அந்த ஸ்கோர். நான் தனியார் பள்ளியில் வேலை பார்ப்பவள், வாழ்க்கையில் வாங்கிய ஒரே கடன் நகைக் கடன், அதையும் மீட்டாயிற்று. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் 3,200, 7,000, 14,500 என்று மூன்று குட்டிக் கடன்கள், எல்லாம் போனிலேயே கொடுக்கிற ஆப் கடன். பெயர் என்னுடையது, பான் எண் என்னுடையது, பிறந்த தேதி என்னுடையது. முகவரி நான் கால் வைக்காத ஒரு ஊர், போன் நம்பர் யாருடையதோ.

பான் எங்கிருந்து போனது என்று யோசித்தால், எங்கேதான் போகவில்லை? சிம் வாங்கக் கொடுத்தேன், தவணையில் மிக்ஸி வாங்கக் கொடுத்தேன், சீட்டுக்காரருக்குக் கொடுத்தேன், ஜெராக்ஸ் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றால் அனுப்பினேன். அவர் அழித்தாரா இல்லையா என்று எந்தக் காலத்திலாவது கேட்டிருக்கிறோமா?

"இதை கிளியர் பண்ணிட்டு வாங்கம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எப்படி கிளியர் செய்வது என்று சொல்லவில்லை. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கியதால் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். அந்த வாரம்தான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். "சிபில் பிரச்சினையா? 30 நாளில் 750". ஊர் சேலம், இடம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடி, அதற்கு மேல் எழுதினால் எனக்கே வம்பு என்று தம்பி சொல்கிறான். இந்த மாதிரி மாடி அலுவலகம் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது.

உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு பையன், 28 வயது இருக்கும். வெயிலில் ஏறி வந்ததைப் பார்த்து டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தான். டீ சொன்னான். மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டான், ஈசிஇ என்றேன், "என் தங்கச்சியும் ஈசிஇ தான் அக்கா" என்றான். ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க மேல தப்பே இல்ல, 2022-ல சன்னி லியோனி பான் நம்பரைப் போட்டே யாரோ 2,000 ரூபா கடன் வாங்கிட்டாங்க, நடிகைக்கே நடக்குது" என்றான். அது உண்மைதான், அந்த நடிகையே அப்போது ட்விட்டரில் எழுதியிருந்தார், பேப்பரில் படித்த ஞாபகம் எனக்கும் இருந்தது. அதுவரை வீட்டில் எல்லோரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதல் ஆளாக ஒருத்தன் உங்கள் மேல் தப்பில்லை என்கிறான். அப்புறம் கொஞ்சம் கோபமாகவே, "இப்படிக் கண்டவங்ககிட்ட எல்லாம் பான் ஜெராக்ஸ் குடுக்கலாமாக்கா?" என்று என்னைத் திட்டினான். திட்டிவிட்டு என் பான் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டான். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். திருட வந்தவன் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லுவானா என்று நினைத்தேன்.

பான், ஆதார், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், கேன்சல் செய்த ஒரு செக், பான் கார்டைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ. ஒரு படிவத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் பெயரும் நம்பரும் எழுதச் சொன்னான், மாமியாரையும் எங்கள் பள்ளி கணக்கு டீச்சரையும் எழுதினேன். எனக்கு மெயில் பார்க்கிற வழக்கம் இல்லை என்றதும், "கவலைய விடுங்கக்கா" என்று என் பெயரில் அவனே ஒரு ஜிமெயில் திறந்தான். சிபில் லாகினில் அந்த மெயிலையும் அவனுடைய நம்பரையும் போட்டான். "அப்டேட் வந்தா நானே பாத்துச் சொல்றேன், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு." ஓடிபி மூன்று தடவை என் போனுக்கு வந்தது, மூன்றையும் வாய் நிறையச் சொன்னேன்.

பணம் முதலில் 5,000, பத்து நாளில் "லீகல் நோட்டீஸ்" என்று 8,500, கடைசியில் "ஆர்பிஐ சார்ஜ்" என்று 5,000. ஆக 18,500. ஜிபேயில் அனுப்பினேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வந்தது, அதையும் கேட்கவில்லை. ஆர்பிஐ சார்ஜ் என்று ஒன்று கிடையவே கிடையாது. ரிப்போர்ட்டில் தப்பு இருந்தால் ரிப்போர்ட் தரும் நிறுவனத்தின் தளத்திலேயே "இந்தக் கடன் என்னுடையது அல்ல" என்று புகார் பதியலாம், ஒரு ரூபாய் செலவில்லை. அவன் செய்ததும் அது ஒன்றைத்தான். பத்து நிமிட வேலைக்கு 18,500 ரூபாய்!

அக்டோபரில் மூன்றில் இரண்டு கடன் நீங்கி ஸ்கோர் 690 ஆனது. நான் என்ன செய்தேன் தெரியுமா, அவனுக்கு மைசூர்பாக் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த 400 ரூபாயை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜனவரியில் மாமியாருக்கு முதல் போன். அடுத்த நாள் கணக்கு டீச்சருக்கு, அதுவும் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருக்கும்போது, ஸ்பீக்கரில். புதிதாக இரண்டு கடன், 35,000, 22,400, இரண்டும் நவம்பரில். பணம் போனது என் பெயரில் நான் திறக்காத ஒரு வங்கிக் கணக்குக்கு. கடன் விண்ணப்பத்தில் என்ன மெயில் என்று கஸ்டமர் கேரில் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். அந்தப் பையன் எனக்காகத் திறந்த அதே ஜிமெயில். தெரிந்தவர்கள் இரண்டு பேர் யார் என்றால் மாமியார், கணக்கு டீச்சர். நான் என் கையெழுத்தில் எழுதிக்கொடுத்த அதே வரிசையில்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை ஒரு நிறுவனம் எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது, 2024 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. புதுக் கடனுக்கு யாரோ விண்ணப்பிக்கிறார்கள் என்று அந்த நிமிடமே நமக்குத் தெரிவதற்கான வழி அது. என் விஷயத்தில் அந்த எச்சரிக்கை ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, அவன் போனுக்கு. பூட்டைப் போட்டுச் சாவியைத் திருடனிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவனுக்குப் போன் செய்தால் முதல் வாரம், "அக்கா, அது சர்வர் பழைய டேட்டா காட்டுது". இரண்டாவது வாரம், "ஹெட் ஆபீஸ்ல சொல்லியிருக்கேன்". எந்த ஹெட் ஆபீஸ்? ஒரு மேஜை இரண்டு நாற்காலிக்கு ஹெட் ஆபீஸ்! அப்புறம் வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் வரும், பதில் வராது. அப்புறம் அக்கா போய் மேடம் ஆனேன். "மேடம், நீங்க குடுத்தது சர்வீஸ் சார்ஜ், ஸ்கோர் ஏறுச்சா இல்லியா?" நேரில் போனபோது பூட்டியிருந்தது, ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள், கம்பி மட்டும் நின்றது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், "வாடகை பாக்கி வெச்சுட்டுப் போய்ட்டான்மா, நீங்க இந்த வாரத்துல ஆறாவது ஆள்" என்றார்.

கடன் கொடுத்த நிறுவனத்தில், "முதல்ல கட்டிடுங்க மேடம், அப்புறம் டிஸ்ப்யூட் பண்ணலாம்" என்கிறார்கள். கட்டினால் நான்தான் வாங்கினேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? அதற்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்" என்கிறாள். ஸ்டேஷனில் மூன்று நாள் அலைந்தேன். "நீங்களாத்தானே ஓடிபி சொன்னீங்க, 18,500 தானே, விடுங்க" என்றார்கள். தானேவாம். என் ஒரு மாதச் சம்பளம் அது. அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று தம்பி எழுதிக்கொடுத்த தாளை நீட்டிய பிறகுதான் சிஎஸ்ஆர், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒரு தாளுக்காகத்தான் அத்தனை அலைச்சல், ஏனென்றால் அது இல்லாமல் எந்த நிறுவனமும் பேசவே மாட்டேன் என்கிறது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதுவதாகக் கணக்கு டீச்சரிடம் சொல்லியிருந்தேன். இப்போது மணி இரண்டரை, தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன்.

காசு வாங்கிக்கொண்டு சிபிலை ஏற்றித் தருகிறேன் என்பவனிடம் போகாதீர்கள். லாகினில் உங்கள் நம்பர், உங்கள் மெயில் மட்டும்தான் இருக்க வேண்டும், மெயில் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

சிபில் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் இப்படிக் கடன் பதிவை வைத்து ரிப்போர்ட் தரும் நிறுவனம் நாலு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். நாலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நாலையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்க ஒரு கண் வைத்த மாதிரி இருக்கும். எனக்கு ஒன்றில் நீங்கிய பழைய கடன் இன்னொன்றில் இன்றும் அப்படியே நிற்கிறது. ரிப்போர்ட் வந்ததும் கடன் பட்டியலோடு நிறுத்தாமல் யார் யார் விசாரித்தார்கள் என்ற பகுதியையும் பாருங்கள், கடன் ஏறுவதற்கு முன்னால் திருடன் தலைகாட்டுவது அங்கேதான்.

ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். பான் ஜெராக்ஸ் மேல் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள், என் பெயரில் நான் வாங்காத ஒன்று இருந்தது. பணம் போன உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டது நாலு மாதம் கழித்து, அதனால் பிரயோஜனம் இல்லாமல் போனது.

ஒரு தடவை நீக்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், அந்த பான் எண் யார் யார் கையிலோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு இது இரண்டாவது சுற்று.

இன்னொன்று. தவறான கடன் பதிவைப் பற்றிப் புகார் கொடுத்து 30 நாளில் சரி செய்யாவிட்டால், அதற்கு மேல் போகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு தர வேண்டும், இதுவும் 2024 ஏப்ரலில் வந்த விதிதான். அப்படியும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம். அந்த இரண்டு கடனுக்கும் நான் புகார் கொடுத்து நாளையோடு 30 நாள். நாளை மறுநாளிலிருந்து 100 ரூபாய் ஓட ஆரம்பிக்கும், நான் கேட்டு எழுதத்தான் போகிறேன். அந்தப் பையனிடம் விட்ட 18,500-ஐ அப்படித் திரும்ப எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். 185 நாள்.